தாளைத் திருப்பிப் போட்டால் போதுமா?

கணக்கு ரிப்போர்ட் ஓரத்தில் வெட்டுப்பட்டு வந்தால் எல்லா ஆபீஸிலும் சொல்லும் ஒரே வைத்தியம், "லேண்ட்ஸ்கேப்ல போடு". சில சமயம் சரியாகிவிடுகிறது. அதனாலேயே இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது! ஆனால் பெரும்பாலும் கோளாறு பிரிண்டரில் இல்லை, ரிப்போர்ட்டை வரைந்த இடத்தில்தான் இருக்கிறது.

தளவாய்புரத்தையே பாருங்கள். ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர் நைட்டி தைப்பதற்குப் பேர் போனது. அங்கே ஒரு யூனிட்டின் பீஸ் ரேட் கூலிப் பட்டியலை ஆக்சஸில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். டெய்லர் பெயர், மாடல், பீஸ் எண்ணிக்கை, ரேட், மொத்தம், அட்வான்ஸ் பிடித்தம், கடைசியாகக் கையில் தரவேண்டிய தொகை. வலது ஓரத்தில் நிற்பது அந்தத் தொகைதான், வெட்டுப்படுவதும் அதுதான். 4350 ரூபாயில் முன் இலக்கம் ஒரு தாளிலும் மீதி அடுத்த தாளிலும் வந்தால் சனிக்கிழமை சம்பளம் போடுபவர் என்ன செய்வார், பாவம்!

காரணம் ரொம்பச் சின்னது. அமெரிக்க லெட்டர் தாளின் அகலம் 8.5 அங்குலம். நம் ஏ4 தாள் 8.27 அங்குலம்தான். இருபுறமும் அரை அங்குலம் மார்ஜின் விட்டால் லெட்டரில் 7.5 மிஞ்சும், ஏ4-ல் 7.27. லெட்டருக்கு 7.5 அங்குலத்தில் வரைந்ததை ஏ4-ல் அடித்தால் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வழியும். அந்த இடத்தில் எழுத்து இருந்தால் வெட்டுப்படும். எதுவும் இல்லை என்றால் ஒன்று விட்டு ஒன்று வெற்றுத்தாள் வரும். 40 பக்கத்துக்கு 80 தாள்! டிசைன் வியூவில் ரிப்போர்ட் அகலத்தை 7.2-க்குக் குறைத்து, ஓரத்தில் நிற்கும் கட்டங்களையும் கோடுகளையும் உள்ளே இழுத்தால் தீர்ந்தது. தாளைத் திருப்பவே வேண்டாம்.

சரி, பட்டியல் நிஜமாகவே அகலமானது என்றால்? லேண்ட்ஸ்கேப் நியாயம்தான். ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். அச்சடிக்கும் நேரத்தில் பிரிண்ட் பெட்டியில் மாற்றினால் அந்த ஒரு முறைக்குத்தான். ரிப்போர்ட்டின் பேஜ் செட்டப்பில் மாற்றிச் சேமிக்க வேண்டும். அதே இடத்தில் 'குறிப்பிட்ட பிரிண்டர்' என்று கட்டிப்போட்டிருந்தால் டிபால்ட் பிரிண்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஃபைலை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனதும் தாள் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சப்ரிப்போர்ட்டில் லேண்ட்ஸ்கேப் வைப்பதும் பலனில்லை, தாய் ரிப்போர்ட் சொல்வதைத்தான் ஆக்சஸ் கேட்கும். விஷுவல் ஃபாக்ஸ்புரோவிலும் இதே கூத்துதான், எழுதியவரின் பிரிண்டர் விவரம் ரிப்போர்ட் ஃபைலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும்.

டாட் மேட்ரிக்ஸ் இருக்கும் இடங்களில் கதை வேறு. தொடர்தாளில் எழுத்து முறையில் அடிக்கும்போது 'படுக்கைத் தாள்' என்ற பேச்சே கிடையாது. 8 அங்குலத்தில் சாதாரணமாக 80 எழுத்து, கண்டென்ஸ்டு முறையில் சுமார் 137 எழுத்து. அகலப் பட்டியலுக்கு அதுதான் வழி. அங்கே போய் லேண்ட்ஸ்கேப் தேடுவது கிணற்றடியில் கடலைத் தேடுவது மாதிரி!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனைப் பட்டியலில் எச்எஸ்என் எண், மத்திய வரி, மாநில வரி, இரண்டுக்கும் விகிதம், தொகை என்று கட்டங்கள் கூடிக்கொண்டே போயின. பல இடங்களில் பழைய ரிப்போர்ட்டின் வால்பக்கத்திலேயே இவற்றை ஒட்டவைத்தார்கள். எல்லாக் கட்டமும் எல்லாத் தாளிலும் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆடிட்டருக்குப் போகும் பட்டியலில் வரி விகிதம் வேண்டும். டெய்லரிடம் கையெழுத்து வாங்கும் பட்டியலில் மாடல் கோட் கூட இருக்க வேண்டியதில்லை, பீஸ் கணக்கும் தொகையும் கையெழுத்துப் போட இடமும் இருந்தால் போதும். தொகையைப் பெயருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால், ஓரம் வெட்டுப்படும் நாளில்கூட கூலி வெட்டுப்படாது.