உட்கார முடியாத இரண்டு வாரங்கள்

ரயில் எந்த ஊரை நெருங்கினாலும் முதலில் கண்ணில் படுவது அந்த ஊரின் பெயர்ப்பலகை அல்ல. தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் சுண்ணாம்புக்கு மேல் நீலத்திலும் சிவப்பிலும் எழுதிய விளம்பரங்கள்தான். இந்தி பேசும் ஊர்களில் 'பவாசீர்'. மகாராஷ்டிரத்தில் 'மூள்வ்யாத்'. வங்கத்தில் 'அர்ஷ'. தமிழ்நாட்டில் 'மூலம், பௌத்திரம்'. ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, நிரந்தரத் தீர்வு என்று எல்லா மொழியிலும் ஒரே வாக்குறுதி. சுவரில் இத்தனை பெரிய எழுத்தில் நிற்கும் நோயை வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆண் மூலம் அரசாளும் என்று ஜோசியர் சொன்னால் பெருமை. டாக்டர் அதே வார்த்தையைச் சொன்னால் தலைகுனிவு.

நாக்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வயது 45 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் ரத்தம் போனது. களிம்பு, கஷாயம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பொடி எல்லாம் முடிந்து, கடைசியில் வெளியே வந்த சதை உள்ளே போக மறுத்தபோது ஆபரேஷன் மேஜைக்கு வந்தார். விடுமுறைக் கடிதத்தில் 'சிறிய அறுவை சிகிச்சை' என்று மட்டும் எழுதினார். முதுகுத்தண்டில் ஊசி, அரை மணி அல்லது முக்கால் மணி நேர வேலை, அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் கவலைப்பட்டது அந்த முக்கால் மணி நேரத்துக்காக. உண்மையில் கவலைப்பட வேண்டியது அதற்குப் பிறகுதான்.

மூலம் என்பது எங்கிருந்தோ புதிதாக முளைக்கும் கட்டி அல்ல. ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக் குழாய்களால் ஆன மெத்தை போன்ற திசுக்கள் எல்லாருக்கும் உண்டு. காற்றோ நீரோ கசியாமல் மூடிக்கொள்ள உதவுவதே அவற்றின் வேலை. இந்த மெத்தைகள் வீங்கி, பிடிமானம் தளர்ந்து கீழே இறங்கும்போதுதான் அவை நோயாகின்றன. ஆசனவாய்க்குள்ளே பல் வரிசைபோல் நெளிந்த ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே வெட்டினாலும் கட்டினாலும் அவ்வளவாக உறைக்காது. கீழே குண்டூசி பட்டாலும் உயிர் போகும். ஆரம்ப நிலை மூலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்ப முடிவது கோட்டுக்கு மேலே மாட்டுவதால். முழு அறுவை சிகிச்சையில் கோட்டுக்குக் கீழேயும் வெட்ட வேண்டியிருக்கிறது.

வெட்டிய இடத்தைப் பல டாக்டர்கள் தைப்பதும் இல்லை. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகன், மார்கன் ஆகியோர் 1937ல் விவரித்த முறையில் புண் திறந்தே விடப்படுகிறது. அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டும். இடையிடையே தோலும் சவ்வும் மிச்சம் வைக்கப்படும். அப்படி வைக்காமல் வளைத்து வெட்டினால் வழியே சுருங்கிப்போகும் என்பதை அதற்கு முந்தைய தலைமுறை நோயாளிகள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். தைத்து மூடும் முறையும் உண்டு. 1959 முதல் அமெரிக்காவில் அது பிரபலம். எந்த முறையானாலும் உடம்பிலேயே அதிகம் அழுக்குப்படும் இடத்தில் ஒரு புண்ணை ஆற்றியாக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும்.

முதல் நாள் வரும் தொல்லை எதிர்பாராத இடத்தில் வருகிறது. சிறுநீர் இறங்குவதில்லை. முதுகு ஊசியின் மரப்பும் வலியால் இறுகிய தசைகளும் சேர்ந்து அடைத்துவிடுகின்றன. நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். பலருக்கு அதுவே போதும். ஏழெட்டு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை டியூப் போட்டு எடுத்தால் முடிந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வருவதுதான் அந்த முதல் காலை. நம்மவர் அதை நினைத்து முந்தைய நாளிலிருந்தே சாப்பிடவில்லை. சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்பது கணக்கு. இந்தக் கணக்குதான் தப்பு. சாப்பிடாதவர் குடலிலும் மலம் தேங்கும். தேங்கத் தேங்கத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறுகும். இறுகியது நான்காம் நாள் பச்சைப் புண் வழியே வரும்போது, தள்ளிப்போட்டதற்கு வட்டியும் முதலுமாக வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவார். அடக்கும்போது சுருக்குத் தசை இறுகும். இறுகிய தசையில் ரத்த ஓட்டம் குறையும். புண் ஆறத் தாமதமாகும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ரொட்டியும் ரஸ்க்கும் ஹார்லிக்ஸும் இதற்கு நன்றாக உதவுகின்றன. எதிலும் நார் இல்லை.

வலிக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் ஒரு வில்லங்கம். டிரமடால் போன்ற அபினி வகை மருந்துகள் வலியைக் குறைக்கும், கூடவே மலத்தைக் கட்டும். அதனால் பாரசிட்டமாலும் அதோடு சேரும் சாதாரண வலி நிவாரணிகளும்தான் முதல் வரிசை. வலித்த பிறகு என்று காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். மெட்ரோனிடசோல் மாத்திரை ஐந்தாம் நாளுக்கு மேல் வரும் வலியைக் குறைக்கிறது என்று 1998ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு பல டாக்டர்கள் சீட்டில் அதுவும் ஏறிவிட்டது. அதைச் சாப்பிடும் நாட்களில் மது கூடாது. சுருக்குத் தசையைத் தளர்த்தும் களிம்புகளும் இருக்கின்றன. நைட்ரோகிளிசரின் கலந்தது சிலருக்குத் தலைவலி தரும்.

இத்தனை மருந்துக்கும் மேலாக நோயாளிகள் நன்றி சொல்வது ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு. கை பொறுக்கும் வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு முறை, மலம் கழித்த பிறகு கட்டாயம் உட்கார வேண்டும். டெட்டாலோ உப்போ கலக்க வேண்டிய அவசியமில்லை. டெட்டால் புண்ணை எரிக்கவே செய்யும். வெந்நீர் புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று ஆராய்ச்சிகளை அலசியவர்கள் எழுதியிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதிலும் தண்ணீரால் கழுவும் பழக்கம் உள்ள நாட்டில் பாதி வைத்தியம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. காகிதத்தால் துடைக்கும் நாடுகளில் இந்த நாட்கள் இன்னும் கொடுமை.

இன்னொரு நண்பன் வடக்கு குஜராத்திலிருந்து வருகிறான். உஞ்சா, சித்பூர் வட்டாரத்தில் குளிர்காலப் பயிராக விளைந்து பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் இசப்கோல். ராஜஸ்தானிலும் ஏராளமாக விளைகிறது. விதையின் மேலுள்ள மெல்லிய உமிதான் மருந்து. உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போகிறது. அமெரிக்கர்கள் ஆரஞ்சு வாசனை சேர்த்துக் குடிக்கும் மலமிளக்கிப் பொடியிலும் இருப்பது இதே உமி. பாரசீக மொழியில் பெயரின் பொருள் குதிரைக் காது; விதையின் வடிவம் அப்படி. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்தால் விவசாயிக்கு நஷ்டம், ஏனென்றால் தண்ணீர் பட்டதும் உமி ஊறிப் பருத்துவிடும். குடலுக்குள்ளும் அது செய்வது அதைத்தான். அதனால் இரண்டு ஸ்பூன் உமிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சைக்குப் போகாத மூல நோயாளிகளிடம் நார்ச்சத்து ரத்தப்போக்கைப் பாதியாகக் குறைத்தது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. விலையோ சில ரூபாய்.

உணவில் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு நம்பிக்கை. கருணைக்கிழங்கை மூலத்துக்கு மருந்து என்கிறார்கள் தமிழர்கள். வங்காளியின் 'ஓல்', இந்திக்காரரின் 'ஜிமிகந்த்' அதன் நெருங்கிய உறவு. அதன் வடமொழிப் பெயர்களில் ஒன்றே 'அர்சோக்ன', அதாவது மூலத்தை அழிப்பது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது தனியாக ஏதும் செய்கிறதா என்பது வேறு விஷயம். நார் இருக்கிறது, புளிவிட்டு வேகவைத்தால் நாக்கும் அரிக்காது. தவிடு சலிக்காத சப்பாத்தி, டலியா, பீர்க்கங்காய், கொய்யா, பப்பாளி எதுவானாலும் சரி. மிளகாய்க்கு மட்டும் சில வாரம் விடை கொடுக்க வேண்டும். உள்ளே போகும்போது எரிவதுதான் வெளியே வரும்போதும் எரிகிறது.

ஒரு வாரம் கழிந்தால் வலி குறைகிறது, வீட்டார் நிம்மதி அடைகிறார்கள், டாக்டரும் எதிரில் இல்லை. இந்த நேரத்தில்தான் ஒரு சிலருக்கு, ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், திடீரென்று ரத்தம் கொட்டும். கட்டுப்போட்ட இடத்திலிருந்து பொருக்கு விழும்போது நடப்பது இது. சொட்டுச் சொட்டாக வருவதும் துணியில் கறையாவதும் சகஜம், பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக, ஒரு டம்ளர் அளவுக்கு வந்தால், அல்லது தலை சுற்றினால், காலைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று படுத்துவிடக் கூடாது. குறையத் தொடங்கிய வலி மீண்டும் ஏறி, காய்ச்சலும் வந்து, சிறுநீரும் நின்றால் இன்னும் அவசரம். இது அபூர்வம், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடிய தொற்றின் அறிகுறி. அறுவை சிகிச்சை ஆன சில நாட்களிலேயே வெளியூர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பவர்களை டாக்டர்கள் கோபித்துக்கொள்வது இதனால்தான். ஓடும் ரயிலில் ரத்தம் கொட்டினால் அடுத்த ஸ்டேஷனில் யார் இருப்பார்கள்?

இவ்வளவு பாடு எதற்கு, லேசரில் செய்தால் காலையில் ஆபரேஷன், மறுநாள் அலுவலகம் என்று நகரத்து விளம்பரங்கள் கேட்கின்றன. லேசரும் ஸ்டேப்ளரும் கோட்டுக்குக் கீழே பெரிய புண்ணை உண்டாக்குவதில்லை, ஆகவே ஆரம்ப வலி குறைவுதான். ஆனால் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 777 பேரிடம் நடத்தி 2016ல் லான்செட்டில் வெளியான ஒப்பீடு வேறு கதை சொன்னது. ஸ்டேப்ளர் போட்டவர்களுக்கு முதல் சில வாரம் சௌகரியம். இரண்டு வருடம் போனபோது பழைய முறையில் வெட்டிக்கொண்டவர்களே நலமாக இருந்தார்கள், நோய் திரும்பியதும் அவர்களுக்குக் குறைவு, செலவும் குறைவு. பேக்கேஜ் விற்பவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

சுவர் விளம்பரக் கிளினிக்குகளின் கதை வேறு. என்ன பட்டம் என்று தெரியாதவர் எந்த மருந்து என்று தெரியாத ஊசியைப் போட, சதை அழுகியோ வழி சுருங்கியோ பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்பவர்கள் உண்டு. இதையும் ஆயுர்வேதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மூலத்துக்கு மருந்து, காரம், நெருப்பு, கத்தி என்று நான்கு வழிகளைச் சொன்னது சுசுருத சம்ஹிதை. கள்ளிப் பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் ஏற்றிய நூலான க்ஷாரசூத்திரத்தைப் பௌத்திரத்துக்குச் சோதித்து 1991ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சாதகமாகவே இருந்தது. 2020 நவம்பரில் ஆயுர்வேத அறுவை சிகிச்சைப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு 58 சிகிச்சைகளை அனுமதித்த அறிவிப்பு வந்தபோது அலோபதி டாக்டர்கள் டிசம்பர் 11 அன்று நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பட்டியலில் மூலமும் இருந்தது. சண்டை இரு தரப்புப் பட்டதாரிகளுக்கு இடையே நடந்தது. சுவர் எழுதுகிறவர்களை அது தொடவில்லை.

வெட்கத்தின் விலையை அதிகம் கொடுப்பது பெண்கள். கர்ப்ப காலத்தில் தொடங்கும் மூலத்தைப் பிரசவத்தோடு போய்விடும் என்று விடுகிறார்கள். பெண் சர்ஜன் ஊரில் இல்லை என்று இன்னும் சில வருடம். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களுக்கு இசப்கோல் என்ன செய்யும்? இருபாலரிலும் மூலம் என்று தானே முடிவுசெய்து பொடி வாங்கித் தின்றுகொண்டிருந்தவருக்குக் கடைசியில் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிவதும் நடக்கிறது. இரண்டுக்கும் முதல் அடையாளம் ரத்தம்தான். விரல் விட்டுப் பார்க்க டாக்டருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு வெட்கப்பட்டுத்தான் நம்மவரும் ஆறு வருடத்தைக் கழித்தார். அவர் அதிர்ஷ்டம், அது மூலமாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் அலுவலகம் திரும்புகிறார். ஸ்கூட்டர் இன்னும் வேண்டாம் என்பதால் பஸ்ஸில், நின்றுகொண்டே. நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அது அந்த இடத்தைத் தொங்கவிட்டு வீக்கத்தைக் கூட்டும் என்பது அவர் கட்சி. சாதாரணத் தலையணை ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார். கழிப்பறைக்குப் போகும்போது செல்போனை மேஜையிலேயே விட்டுப்போகிறார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறார். காற்றை அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது வாரம் ஒருமுறை காட்ட வேண்டும்.

மத்தியானம் டீ குடிக்கப் போகும் வழியில் பக்கத்து செக்‌ஷன்காரர் ஓரமாகக் கூப்பிடுகிறார். எங்கே செய்துகொண்டீர்கள், எவ்வளவு ஆயிற்று, ரொம்ப வலிக்குமா என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டு, இருபக்கமும் பார்த்துக்கொள்கிறார். "எனக்கில்லை, மைத்துனருக்கு."