சின்னக் குளியலறையும் பெரிதாகும்!

வீடு கட்டும்போது குடும்பமே கூடிப் பேசுகிறது. கூடம் எவ்வளவு நீளம், சமையலறை எந்த மூலை, பூஜை அறை எந்தத் திசை என்று நாள் கணக்கில் யோசிக்கிறார்கள். குளியலறையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவது இல்லை. மிச்சம் இருக்கிற மூலை எதுவோ, அதுதான் குளியலறை!

அந்த மூலைக்குப் போகாத ஆள் வீட்டில் உண்டா? பிள்ளைகள் போகிறார்கள். கர்ப்பிணிப் பெண் போகிறாள். கண் மங்கிய பாட்டி நடு இரவிலும் எழுந்து போகிறார். ஈரமும் சோப்பும் மின்சாரமும் ஒன்றாகச் சேர்ந்து இருக்கிற அறை அது. அங்கே திரும்ப இடம் இல்லை என்றால் அது வெறும் அசௌகரியம் அல்ல; ஆபத்து!

2016-ம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு ஓர் அளவு சொல்கிறது. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருந்தால், குறைந்தது 2.8 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அதாவது சுமார் 30 சதுர அடி. அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. அது சுமார் 4 அடி. இதற்குக் கீழே போகாதே என்பதற்காக எழுதிய அளவு இது. பல அடுக்குமாடி வீடுகளில் இதுவே முழு அளவாகிவிட்டது.

என்ன செய்யலாம்? சுவரை இடித்துத் தள்ளலாமா? வேண்டாம். அடுக்குமாடியில் எந்தச் சுவருக்குள் எந்தத் தூண் இருக்கிறதோ! வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். சுவரைத் தொடாமலே இடம் உண்டாக்க வழி இருக்கிறது.

தரையைக் காலி செய்யுங்கள்

கண்ணுக்குத் தெரிகிற தரைதான் இடம். உங்கள் குளியலறைத் தரையில் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் டிரம், இரண்டு வாளி, முக்காலி, அழுக்குத் துணிக் கூடை, துடைப்பம், பினாயில் பாட்டில்!

2 அடி அகல டிரம் ஒன்று மட்டும் 3 சதுர அடியை அடைத்துக்கொள்கிறது. 30 சதுர அடி அறையில் அது பத்தில் ஒரு பங்கு. டிரம்மைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. 2019-ம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது பின்கட்டிலோ பால்கனியிலோ மூடியோடு இருக்கட்டும். மூடி இருந்தால் கொசு முட்டை இடாது. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் வாளித் தண்ணீரைக்கூடத் திறந்து வைக்கக்கூடாது. அரை வாளித் தண்ணீரும் பிள்ளையின் உயிரைக் குடித்துவிடும்.

சோப்பு, எண்ணெய், சீயக்காய் எல்லாவற்றுக்கும் சுவரில் இடம் கொடுங்கள். பழைய வீடுகளில் விளக்கு வைக்க மாடம் இருக்கும் அல்லவா? அதே மாடம் குளியலறைக்கும் உதவும். 9 அங்குலச் சுவரில் கொத்தனாரைக் கேட்டு மாடம் வைக்கலாம். நாலரை அங்குலச் சுவரில் வேண்டாம். கான்கிரீட் தூணில் கூடவே கூடாது. அங்கே மூலைத் தட்டு போதும்.

கை கழுவும் தொட்டிக்குக் கீழே தூண் இருந்தால் அதை மாற்றுங்கள். சுவரில் மாட்டும் சின்னத் தொட்டி, அதுவும் மூலையில் மாட்டுவது, நல்லது. தொட்டிக்கு அடியில் தரை தெரியும். அறை விரிந்தது போல இருக்கும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால், அது சுற்றி வருவதற்கே சுமார் 5 சதுர அடி போய்விடுகிறது. 30-ல் ஆறில் ஒரு பங்கு! அந்த இடத்தில் எதையும் வைக்க முடியாது. நிற்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவர்கள் தள்ளினாலும் திறக்காது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். நடையில் இடம் இல்லையா? பக்கவாட்டில் தள்ளும் கதவு போடலாம். அவசரத்தில் வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வையுங்கள். இடமும் மிச்சம், உயிருக்கும் காவல்!

வெளிச்சமும் காற்றும்

இருட்டு அறையைச் சின்னதாகக் காட்டும். சுவருக்கு வெள்ளை, இளநீலம், சந்தன நிறம் போன்ற வெளிர் நிறங்கள் ஏற்றவை. பெரிய டைல்ஸ் என்றால் கோடுகள் குறையும். சுவர் நீளமாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே அகலமான கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் கூடும்.

கொசு வருகிறது என்று காற்றுப்போக்கியை அட்டை வைத்து அடைக்கிறார்கள் பலர். அது பெரிய தவறு. கொசுவலை அடியுங்கள், அடைக்காதீர்கள். எரிவாயுவில் தண்ணீர் சுட வைக்கும் கீசர் இருக்கிற வீட்டில் இதை மறக்கவே கூடாது. மூடிய அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. குளித்துக்கொண்டு இருப்பவர் தெரியாமலே மயங்குவார். அந்தக் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஈரம் ஒரு பக்கம், உலர்ந்த தரை ஒரு பக்கம்

அறை முழுவதும் நனைந்தால் அறை முழுவதும் பயம். கழிப்பிடம் கதவின் பக்கம் இருக்கட்டும். குளிக்கும் இடம் கடைசியில் இருக்கட்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டால் போதும். பாதித் தரை எப்போதும் உலர்ந்தே இருக்கும்.

சுவருக்குப் பளபளப்பு இருக்கலாம். தரைக்குக் கூடாது. சொரசொரப்பான சின்னச் சின்ன டைல்ஸ் போட்டால் கால் பிடிக்கும். 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் வைக்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். தண்ணீர் தேங்காது. டைல்ஸ் பதிக்கும் முன்பு, தண்ணீர் போகும் துளையை அடைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு சண்டை வராது.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி அதற்கு உதவாது. ஆள் பாரம் விழுந்தால் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கைப்பிடிக் கம்பியைச் சுவருக்குள் நன்றாக முடுக்க வேண்டும்.

எதற்கு முதலில் செலவு?

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான். முதலில் தரையும் வாட்டமும். பிறகு கைப்பிடியும் கதவும். பிறகு, மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சு. டைல்ஸ் பூப்போட்டதா, குழாய் தங்க நிறமா என்பதெல்லாம் கடைசியில். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தரையைக் காலி செய்து, கண்ணாடி மாட்டி, திரை தொங்கவிட்டு, நல்ல பல்பு போட்டாலே பாதி வேலை முடிந்தது.

விருந்தாளி உட்காரும் கூடத்துக்கு ஆயிரக் கணக்கில் செலவு செய்கிறோம். விருந்தாளி எப்போதோ வருகிறார். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் தினமும் நாலைந்து தடவை குளியலறைக்குப் போகிறார்கள். அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து போகும்படி வைத்துவிட்டு, கூடத்தில் சோபா வாங்கிப் போடுவது என்ன நியாயம்?

அடுத்த முறை வீட்டில் வேலை தொடங்கும்போது, மிச்சம் இருக்கிற பணத்தைக் குளியலறைக்கு ஒதுக்காதீர்கள். முதல் பணத்தை ஒதுக்குங்கள்!