"ஒண்ணும் இல்லடா, லேசா வழுக்கிடுச்சு"

ஏ.எஸ்.ராவ் நகருக்குக் குடி வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஈ.சி.ஐ.எல்லைத் தொடங்கிய விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயர் வைத்த பேட்டை. வாசலுக்கு வெளியே தெலுங்கு, உள்ளே தமிழ். ஊரோடு எங்களைக் கட்டி வைத்திருப்பது ஞாயிற்றுக்கிழமை போன்தான். அந்தப் போனில் நம் பெற்றோர் சொல்லும் ஒரு பொய்யைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும்.

போன தீபாவளிக்கு அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவுக்கு வயது 74. பேப்பரின் அதே பக்கத்தை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு லேசாகக் குழறியது. நடந்தால் இடது கால் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று நான் முடித்துவிட்டேன். மனைவிதான் விடவில்லை. ஸ்கேன் எடுத்தோம்.

"சமீபத்தில் எங்கேயாவது விழுந்தாரா?" என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "புரட்டாசி ரெண்டாம் சனிக்கிழமை கிணத்தடியில வழுக்கி விழுந்தார். ரத்தமே வரல. நீ கவலைப்படுவேன்னுதான் சொல்லல" என்றார்.

ரத்தம் வரவில்லை என்பது சரிதான். வெளியே வரவில்லை, உள்ளே கசிந்துகொண்டிருந்தது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். அப்போது மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியில்கூட ஒன்று கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக் கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். சப்டியூரல் ஹெமடோமா என்கிறார்கள். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அப்பா சாப்பிடுகிறார். மண்டை ஓட்டில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் தட்டுகிறவன். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டும் படித்தும் ஒன்று புரிந்தது. தலையில் அடி என்பது ஒரே வியாதி அல்ல.

மூளை ஒரு குலுக்கு குலுங்கி, கொஞ்ச நேரம் தலை சுற்றி, நடந்தது மறந்து போவது ஒரு வகை. கன்கஷன் என்பார்கள். இதில் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூளையே கன்றிப் போவது இன்னொரு வகை. முன்னால் அடிபட்டால் எதிர்ப்பக்கம் மோதி அங்கேயும் கன்றலாம். வேகமான விபத்தில் மூளைக்குள் நரம்பிழைகள் ஆங்காங்கே அறுந்துவிடுவதும் உண்டு. ஆள் நினைவில்லாமல் கிடப்பார், ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நம்மை அதிகம் ஏமாற்றுவது நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு உடைந்து, அதன் அடியில் ஓடும் தமனி கிழிவது. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார், காபி கேட்பார். சில மணி நேரத்தில் மயங்கிவிடுவார். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ரமன் லம்பாவை நினைவிருக்கும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பந்து தலையில் பட்டது. தானே நடந்து வெளியே போனவர், சில நாட்களில் இறந்துபோனார். "நடக்கிறார், பேசுகிறார்" என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் உத்தரவாதம் இல்லை.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போக்குவரத்தை ஒதுக்கி இதயத்தை முகப்பேருக்குக் கொண்டு போனதைத் தமிழ்நாடே பேசியது. கண்ணீரோடு நாமும் பேசினோம். ஆனால் அந்த வாரமாவது நம்மில் எத்தனை பேர் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டாமல் தலையில் மாட்டினோம்?

என் கருத்து இவ்வளவுதான். அடியின் கடுமையை ரத்தத்தையும் வீக்கத்தையும் வைத்து வீட்டில் நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், கருவிழிப் பாவை ஒன்று பெரிதாகத் தெரிவது, மூக்கு காது வழியே தெளிந்த நீர் வருவது - இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். மாத்திரையில் ரத்தத்தை இளக்குகிறவர் தலையில் அடிபட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ரோட்டில் விழுந்தவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துச் சோடா கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். 2005-ல் இதே ஹைதராபாத்தில் தொடங்கிய சேவை அது.

இப்போது அப்பா நன்றாக இருக்கிறார், பேப்பரை வரி விடாமல் படிக்கிறார். ஊருக்குக் கிளம்பும்போது, "இனிமே விழுந்தா மறைக்கக் கூடாதுப்பா" என்று கறாராகச் சொன்னேன்.

"சரிடா. ஈ.சி.ஐ.எல். கிராஸ் ரோட்ல நீ வண்டியிலேர்ந்து விழுந்தியாமே, பேரன் சொன்னான். அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

பதில் சொல்ல முடியவில்லை. கவலைப்படுவார் என்றுதான் நானும் மறைத்தேன். அடுத்த ஞாயிறு போனில், சாப்பிட்டீங்களா என்று கேட்ட கையோடு, விழுந்தீங்களா என்றும் கேளுங்கள். நீங்கள் விழுந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.