கொழுப்பு வதந்தியல்ல

1857 என்றதும் பலருக்கும் மனப்பாடமாக வருவது ஒரே கதைதான். பல்லால் கடித்துத் திறக்கவேண்டிய புதிய தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியிருப்பதாக வதந்தி கிளம்பியது, படிப்பறிவில்லாத சிப்பாய்கள் நம்பிவிட்டார்கள், கலகம் வெடித்தது. இந்தக் கதையில் சிப்பாய் ஏமாளி, கிழக்கிந்தியக் கும்பெனி அப்பாவி. இரண்டையும் நான் ஏற்கவில்லை. 1856-இல் அவத் பறிக்கப்பட்டது, அதே ஆண்டு புதிதாகப் படையில் சேர்வோர் கடல் கடந்தும் போகவேண்டும் என்று சட்டம் வந்தது; கோபத்துக்கு இப்படிக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் கொழுப்பு விவகாரத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவைக்க எந்த நியாயமும் இல்லை.

வதந்தி என்பதற்கு அடிப்படையே கிடையாது. 1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் ஆயுதச்சாலைக் கலாசி ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் சொம்பைத் தர மறுத்தார். 'பசுக்கொழுப்பைக் கடிக்கப்போகிற உனக்கு இன்னும் என்ன சாதி' என்ற பொருளில் கலாசி திருப்பிக் கேட்டார். கேட்டவர் வழிப்போக்கரல்ல, தோட்டா செய்யும் இடத்திலேயே வேலை பார்த்தவர். கல்கத்தாக் கோட்டையில் கொழுப்புக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் எந்த விலங்கின் கொழுப்பு என்று எழுதவே இல்லை. வந்த சரக்கை யாரும் விசாரிக்கவும் இல்லை. பசுக்கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதை ஆயுதத் துறை அதிகாரிகளால் மறுக்க முடியவில்லை. சிப்பாய்களின் குறையில் உண்மை இருக்கிறது என்று கவர்னர் ஜெனரல் கானிங்கே லண்டனுக்கு எழுதினார். எழுச்சியை ஒடுக்கிய படையில் இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், தளபதியாக உயர்ந்தபின் 1897-இல் வெளியிட்ட நினைவு நூலில், அந்த மசகில் ஆட்சேபத்துக்குரிய கொழுப்புகள் இருந்தன என்றே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாதம்தான் என்னை அதிகம் உறுத்துவது. அந்தப் புதிய தோட்டாவுக்குரிய என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் கொழுப்பில்லாமல் முடியாது, அது வெறும் பொறியியல் தேவை என்கிறார்கள். மசகு தேவை என்பது சரி. பழைய மஸ்கெட்டின் குழல் உட்புறம் வழவழப்பானது, குண்டு தொளதொளவென்று இறங்கும். அதற்கு மசகே வேண்டியதில்லை. என்ஃபீல்டின் குழலிலோ சுழல் பள்ளங்கள் உண்டு. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், ஈயக்குண்டின் விட்டம் 0.568 அங்குலம், அதன்மேல் காகிதச் சுற்று வேறு. கரிமருந்து வெடித்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கசடாகவே எஞ்சும். அந்தக் கசடு குழலுக்குள் இறுகிப் படிந்தால், சில முறை சுட்டபின் அடுத்த குண்டை வாய்வழியாக இடித்து இறக்க முடியாது. கசடை இளக வைத்திருக்கத்தான் தோட்டாவின் குண்டு இருக்கும் முனையை மசகில் தோய்த்தார்கள்.

ஆனால் அந்த மசகு மாட்டுக்கொழுப்பாகவோ பன்றிக்கொழுப்பாகவோதான் இருக்கவேண்டும் என்று எந்தப் பொறியியலும் சொல்லவில்லை. தேன்மெழுகு இருந்தது, எண்ணெய் இருந்தது, நெய் இருந்தது. வங்காளப் படையில் முன்பே ரைஃபிள் வைத்திருந்த சிப்பாய்கள் ஆட்டுக்கொழுப்பும் மெழுகும் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள் என்று படைத் தலைமையகமே அந்த ஜனவரியில் தந்தியில் சொன்னது. வெப்ப நாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தாலும் மெழுகே மேல். மாட்டுக்கொழுப்பு 45 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும், பன்றிக்கொழுப்பு அதற்கும் முன்பே. தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். வட இந்தியச் சித்திரை வெயிலில், இடுப்புப் பைக்குள் கிடக்கும் தோட்டாவில் கொழுப்பு இளகிக் காகிதத்தில் ஊறும். குண்டைச் சுற்றி நிற்கவேண்டிய மசகு அங்கே நிற்காது. போதாததற்குக் கொழுப்பிலுள்ள அமிலம் நாளடைவில் ஈயத்தையும் அரிக்கும். முதலில் கொழுப்பு மிகுந்தும் மெழுகு குறைந்தும் இருந்த கலவையை, பிரிட்டிஷ் படையே சில ஆண்டுகளில் மெழுகு மிகுந்ததாக மாற்றிக்கொண்டது. ஆகவே கொழுப்பு தேவையால் வந்ததல்ல. மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருந்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கினார்கள்.

தெரியாமல் நடந்த பிழை என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். தெரிந்தே இருந்தது. தட்பவெப்பம் மசகை என்ன செய்கிறது என்று பார்க்க 1853-இல் இங்கிலாந்திலிருந்து தோட்டாக்கள் வந்தபோதே கர்னல் ஹென்றி டக்கர் எச்சரித்தார்: சாதிக்கும் சமயத்துக்கும் ஊறு செய்யாத மசகு என்று உறுதியாகாதவரை இதைச் சிப்பாய்களிடம் கொடுக்கவேண்டாம். அந்தக் கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்கும் முன்னால் 1806 ஜூலையில், நம் வேலூர்க் கோட்டையில், தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் எதில் முடிந்தன என்பதைக் கும்பெனி ரத்தம் சிந்திப் பார்த்திருந்தது.

பல்லால் கடிப்பது மருந்து இருக்கும் முனையை, கொழுப்போ மறுமுனையில். ஆகவே வாயில் படாது என்றும் ஒரு வாதம் உண்டு. பயிற்சி முறையைப் பார்த்தால் இது நிற்காது. குண்டு இருக்கும் முனையைக் கைக்குள் பிடித்துக்கொண்டுதான் மறுமுனையைக் கடிக்கவேண்டும். கொழுப்பு முதலில் ஒட்டுவதே விரலில்தான். உருகி ஊறிய காகிதத்தில் முனைக்கு முனை வேறுபாடும் இருக்காது. பசுக்கொழுப்பைத் தொடுவதையே தீட்டாகக் கருதியவரிடம், வாயில் படவில்லையே என்று சமாதானம் சொல்வது அவரை மதிப்பதாகாது.

தவறைத் திருத்திய பிறகும் ஏன் அடங்கவில்லை என்று கேட்பவர்கள் தேதிகளைப் பார்க்கட்டும். தோட்டாவை மசகு தடவாமல் கொடுங்கள், சிப்பாய்கள் தாங்கள் விரும்பியதைத் தடவிக்கொள்ளட்டும் என்ற உத்தரவு ஜனவரி கடைசியில் பிறந்தது. பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்ற மாற்றம் மார்ச்சில் வந்தது. அதற்குள், பிப்ரவரி 26 அன்று, பெர்ஹாம்பூரில் 19-வது படைப்பிரிவு காகிதத்தின் நிறத்தையே சந்தேகித்து மறுத்துவிட்டது. ஏப்ரல் 24-இல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் மறுத்த தோட்டாக்கள் பழைய வகைதான். அதை அறியாமை என்கிறார்கள். ஒருமுறை பொய்த்துப்போன நிர்வாகத்தின் வாக்கை அவர்கள் மறுபடி நம்பவில்லை என்றுதான் நான் கொள்கிறேன். அந்த 85 பேரையும் மே 9 அன்று அணிவகுப்புத் திடலில் எல்லார் முன்னும் விலங்கிட்டார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

எழுச்சியின்போது அதே தோட்டாவைத்தானே கூசாமல் சுட்டார்கள் என்பது மிச்சமிருக்கும் ஒரு வாதம். அப்போது சிப்பாய்ப் படைகளில் பெரும்பாலானவற்றுக்கு என்ஃபீல்டு வழங்கப்படவே இல்லை. அவர்கள் கையில் இருந்தவை மசகு தேவைப்படாத பழைய மஸ்கெட்டுகள். எல்லாம் ஒடுக்கப்பட்ட பின்னரும் பிரிட்டிஷ் அரசு சிப்பாய்களுக்கென்று தனியாகச் செய்வித்தவை உட்புறம் பள்ளமில்லாத குழல் கொண்ட துப்பாக்கிகளைத்தான்.