ஐந்து தோட்டா

அல்சூரில் இருக்கும் என் நண்பரின் வீட்டில், இரும்பு பீரோவின் மேல்தட்டில் பட்டுப் புடவைகளுக்கு அடியில், அவருடைய அப்பா விட்டுப்போன .32 ரிவால்வர் ஒன்று இருந்தது. அப்பா கட்டடக் காண்ட்ராக்டர். சனிக்கிழமைக் கூலிப் பணத்தை வேலை நடக்கும் இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று மனுக் கொடுத்து எழுபதுகளில் லைசென்ஸ் வாங்கியவர். நான் அறிந்தவரை அதை வைத்து அவர் எதையும் சுட்டதில்லை. ஆயுத பூஜையன்று கொத்துக்கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு வரிசையில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு கிடைக்கும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆறு அறைகள் கொண்ட அந்த ரிவால்வரில் ஐந்து தோட்டாக்கள்தான் போடுவார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணு காலியா இருக்கட்டும்" என்பார். அம்மா அது ராசி என்று நினைத்தார். பிள்ளைகள் இருவரும் கஞ்சத்தனம் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

விடை இருபது ஆண்டுகள் கழித்து டெக்ஸாஸிலிருந்து வந்தது.

நண்பரின் தம்பி அங்கே மென்பொருள் வேலையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தொப்பி, கையில்லாத கோட்டு, முள்சக்கரம் வைத்த பூட்ஸ் சகிதம் கௌபாயாகிவிடுகிறார். அமெரிக்காவில் இது வெறும் மாறுவேடம் அல்ல, முறையான போட்டி. 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு விதிகள் வகுத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ரிவால்வர், நெம்புகோல் இழுத்துச் சுடும் ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணியில் இருக்க வேண்டும். இரும்புத் தகடுகள்தான் எதிரிகள். குறி தவறினால் ஐந்து விநாடி அபராதம். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் கட்டாயம்; ஒருவர் வைத்துக்கொண்ட பெயரை இன்னொருவர் வைக்கக்கூடாது. தம்பி வைத்துக்கொண்ட பெயரை நான் எழுதப்போவதில்லை. அதில் மெட்ராஸ் என்ற சொல் இருக்கிறது என்பது மட்டும் போதும்.

'சிங்கிள் ஆக்ஷன்' என்றால் விசைக்கு ஒரே ஒரு வேலை என்று பொருள். ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். விசை அதை விடுவிக்கும். வேறு ஒன்றும் செய்யாது. தோட்டாவைப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒன்று ஒன்றாகப் போட வேண்டும், சுட்டபின் ஒன்று ஒன்றாகவே தள்ளி எடுக்க வேண்டும். 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வர் இந்த வகை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செத்தேபோன சரக்கு என்று கம்பெனி தயாரிப்பை நிறுத்தியது. டெலிவிஷனில் கௌபாய் தொடர்கள் ஓட ஆரம்பித்ததும் 1956-ல் மறுபடி தொடங்கியது. சரித்திரம் கொன்றதை சினிமா பிழைக்கவைத்தது.

ஆனால் அசல் கோல்ட்டின் விலை கட்டுப்படியாகாது. தம்பி வைத்திருப்பவை இரண்டும் நகல்கள், இத்தாலியில் செய்தவை. கார்தோனே என்ற மலையோர ஊரில் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்கிறார்கள். அங்கே 1959-ல் ஆல்டோ உபெர்ட்டி என்பவர் தொடங்கிய கம்பெனி அமெரிக்கப் பழங்காலத் துப்பாக்கிகளின் பிரதிகளையே தொழிலாக வைத்துக்கொண்டது.

நகலோடு வாழ்வது எப்படி? தம்பி ஒரு மணி நேரம் சொன்னார். சுத்தியலை இழுக்கும்போது அசலைப் போலவே நாலு முறை 'க்ளிக்' கேட்கிறது. அந்த ஓசைக்காகவே பலர் வாங்குகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும்; கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து இழைத்தால்தான் வழிக்கு வரும். நூறு குண்டு சுட்டால் ஸ்க்ரூக்கள் கழன்றுகொள்ளும், ஒரு சொட்டு பசை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தட்டை ஸ்பிரிங் போட்டி நடுவில்தான் உடையும். பிடி சின்னது, சுண்டுவிரலுக்கு இடம் இல்லை. சில நண்பர்கள் 1993-ல் வந்த ரூகர் கம்பெனியின் வக்கேரோ மாடலுக்கு மாறிவிட்டார்களாம். அதில் சுருள் ஸ்பிரிங், உடைவது அபூர்வம். "ஆனா அது நாலு தடவை க்ளிக் சொல்லாதுண்ணா" என்றார் அண்ணனிடம். புல்லட் மோட்டார் சைக்கிள்காரர்கள் பேசுவது போலவே இருந்தது.

முதல் நாள் மைதானத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கிழவர் ஒரு வாய்ப்பாடு ஒப்பித்தாராம்: ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. அப்படிப் போட்டுச் சுத்தியலை இழுத்து மெதுவாக இறக்கினால் அது காலி அறையின்மேல் உட்காரும். பழைய அமைப்பில் சுத்தியலின் முள் தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கைதவறிக் கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் போதும், வெடித்துவிடும். அமெரிக்காவில் இப்படிக் காலில், தொடையில் குண்டு பாய்ந்து வழக்குகள் நடந்திருக்கின்றன. ரூகர் 1973-ல் சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே, விசையை இழுத்தால் மட்டும் அடியைக் கடத்தும் பட்டை வைத்துத் தீர்வு கண்டது. தான் விற்ற பழைய ரிவால்வர்களுக்கும் இலவசமாகவே பொருத்தித் தந்தது. ஆனாலும் போட்டியில் இன்றைக்கும் ஐந்துதான் விதி.

தம்பி அன்று இரவே அல்சூருக்குப் போன் செய்தார். "அப்பா கஞ்சன் இல்லடா அண்ணா. நாம தவழ்ந்துட்டு இருந்த வீடு அது."

போன ஜனவரியில் அவர் விடுமுறையில் வந்தபோது மூன்று பேருமாக ராமநகரத்துக்குப் போனோம். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர். 1973 அக்டோபரில் 'ஷோலே' படப்பிடிப்பு தொடங்கிய பாறைகள் அப்படியே நிற்கின்றன. ராமதேவர பெட்டா 2012-லிருந்து கழுகுகளுக்கான சரணாலயம். கப்பர் சிங் தோற்றுத் திரும்பிய மூன்று ஆட்களை நிற்கவைத்த காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு தோட்டாவில் மூன்றை வானத்தில் சுட்டுவிட்டு, உருளையைச் சுற்றி, மூவர் தலையிலும் ஒவ்வொரு முறை விசையை இழுப்பார். மூன்று முறையும் வெறும் 'க்ளிக்'. பாறை நிழலில் உட்கார்ந்து தம்பி கணக்குப் போட்டார். அடுத்தடுத்துச் சுட்டதால் காலியான மூன்று அறைகளும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். உருளை நிற்கக்கூடிய ஆறு இடங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் மூவருமே தப்ப முடியும். கப்பர் ஏன் அப்படி ஆச்சரியப்பட்டுச் சிரிக்கிறார் என்பது எனக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துப் புரிந்தது.

உண்மையில் நமக்கு கௌபாய் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, இத்தாலியிலிருந்து வந்தவர். செர்ஜியோ லியோனேயின் படங்கள் இத்தாலிய முதலீட்டில் ஸ்பெயினில் எடுக்கப்பட்டவை. அவற்றின் சாயலில் கர்ணன் எழுபதுகளில் ஜெய்சங்கரைக் குதிரை ஏற்றினார். டெக்ஸ் வில்லரும் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்தான். அவரைத் தமிழ் பேசவைத்த லயன் காமிக்ஸ் சிவகாசிக்காரர்களுடையது. தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கிக்கு ரோல் கேப் வந்ததும் அதே ஊரிலிருந்து. என் தலைமுறைக்குக் கதாநாயகன், ஆயுதம், தோட்டா மூன்றும் ஒரே பஸ்ஸில் வந்திறங்கின.

அந்த விளையாட்டை அல்சூரில் விளையாட முடியாதா என்று தம்பி கேட்டார். அண்ணன் சிரித்தார். 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கிவிட்டார்கள். கௌபாய்க்கு நாலு வேண்டும். அங்கீகாரம் பெற்ற போட்டி வீரர்களுக்கு விலக்கு உண்டு. தகர எதிரிகளைச் சுடுவது இங்கே போட்டியாக எண்ணப்படுவதில்லை. சாமானியர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழி எண்பதுகளிலேயே அடைபட்டுவிட்டது. இதே மாநிலத்தில் குடகர்களுக்கு மட்டும் லைசென்ஸ் விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டித் தேங்காய் சுடுகிறார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஒரு நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த உரிமையை நான் கேட்கவும் மாட்டேன்.

நண்பரின் அனுபவம் வேறு மாதிரி. அப்பா காலமானதும் ரிவால்வரை ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனுப் போட்டார். பதினாலு மாதம் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனிலிருந்து போன். விதிப்படி யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒரு குழு பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும். அவரைப் பொறுத்தவரை எப்போதும் ஒரே முடிவுதான். 2023 சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024 மக்களவைத் தேர்தலுக்கும் மஞ்சள் பையில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்து, ரசீது வாங்கி, பிறகு எண்ணெய் வற்றித் துருப்பிடித்த நிலையில் திரும்ப வாங்கி வந்தார். திருட்டு பயத்துக்காக வாங்கிய பொருளைத் திருடன் எடுத்துவிடக்கூடாதே என்ற பயத்தில் காவல் காப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

முடிவெடுக்க வைத்தது பேரன். மூன்றரை வயது, நாற்காலியை இழுத்துப்போட்டு பீரோவில் ஏறத் தெரிந்துவிட்டது. "காலி அறை ஒண்ணுதான் இருக்கு. அவன் விரல் பத்து இருக்கு" என்றார் நண்பர். தம்பிக்கு மனசில்லை. அப்பாவின் கைபட்டது என்றார். தோட்டாவை மட்டும் கொடுத்துவிட்டு ரிவால்வரை வைத்துக்கொள்ளலாமே என்றார். தோட்டா இல்லாவிட்டாலும் லைசென்ஸும் தேர்தலும் போனும் இருக்கும் என்றார் அண்ணன். இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அம்மா காப்பி கொடுத்துக்கொண்டே, "அவரே இருந்திருந்தா எப்பவோ கொடுத்திருப்பார். அஞ்சு போட்டவருக்கு அது தெரியாதா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

லைசென்ஸ் உள்ள ஒரு டீலரிடம் மூன்று பேருமாகப் போய்க் கொடுத்தோம். லைசென்ஸ் புத்தகத்தில் 1979-ல் வாங்கியதாக இருபது தோட்டாக்கள் பதிவாகியிருந்தன. மேஜையில் கொட்டி எண்ணினார்கள். இருபதும் இருந்தன.

தோல் உறையை மட்டும் தம்பி டெக்ஸாஸுக்கு எடுத்துப் போனார். பெங்களூர் விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை மூன்று முறை ஸ்கேன் செய்தார்களாம்.