நீலமா, கறுப்பா? அதற்கு முன் ஒரு கேள்வி

பள்ளிக்கூடத்தோடு இங்க் பேனாவுக்கு முழுக்குப் போட்டவர்கள் பலர் இப்போது அதை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள். பேனா என்னவோ ஒன்றோ இரண்டோதான். இங்க் பாட்டில்கள்தான் அலமாரியில் சேர்ந்துகொண்டே போகின்றன. போனைத் திறந்தால் மயில்கழுத்து நிறம், மாதுளைச் சிவப்பு, மழைமேகச் சாம்பல் என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. எதை வாங்குவது?

நிறத்தைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். தண்ணீர் பட்டால் இந்த எழுத்து நிற்குமா?

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. பழைய கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் பீரோவின் அடித்தட்டில்தானே வைக்கிறோம்? நனைந்த தாளைக் காயவைத்துவிடலாம். கரைந்துபோன எழுத்தைக் காயவைத்து எடுக்க முடியாது.

இங்க் பேனாவுக்கென்று பாட்டிலில் வரும் மைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

சாய மை

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல் சாயம் கரைந்திருக்கும். நிப்பில் அடைக்காது, பேனாவைக் கழுவுவதும் சுலபம். லேபிளில் ‘வாஷபிள்’ என்று இருந்தால், யூனிஃபார்மில் சிந்தினாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் சட்டையிலிருந்து போகிற மை தாளிலிருந்தும் போகும். வெயில் பட்டாலும் நாளடைவில் வெளுத்துவிடும்.

இரும்பு மை

குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும் வீடுகளில் மாசிக்காய் இருக்கும். பெயர்தான் காய். ஓக் வகை மரம் ஒன்றின் கிளையில் சின்னக் குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கி உருண்டையாவதுதான் மாசிக்காய். அதில் இருக்கும் துவர்ப்புச் சத்தையும், நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியையும் சேர்த்தால் மை. அன்னபேதி என்பது இரும்பு உப்பு.

எழுதும்போது வெளிறித் தெரியும் இந்த மை, காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளின் நாரைப் பற்றிக்கொள்ளும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாக எழுதிக் கறுப்பாக மாறியதால் ‘ப்ளூ-பிளாக்’ என்று பெயர் வந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டு ஆவணங்கள் மாசிக்காய் மையில் எழுதப்பட்டவை. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளுக்கென்றே ‘ரெஜிஸ்ட்ரார்ஸ் இங்க்’ என்று ஒரு வகை உண்டு.

இன்று ப்ளூ-பிளாக் என்ற பெயரில் வருபவை எல்லாவற்றிலும் இரும்பு இருக்காது. விவரத்தைப் படித்து வாங்குங்கள். இதில் புளிப்புத்தன்மை உண்டு. பேனாவுக்குள் காயவிட்டால் ஸ்டீல் நிப்பை அரிக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேனாவைக் கழுவிவிட வேண்டும்.

கரி மை

இது நம் ஆட்களுக்குப் பழைய சங்கதி. ஓலையில் எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரியக் கரியைத் தடவியவர்கள் நாம். அச்சு மையின் கறுப்பும் கரிதான். 1586-ல் முத்துக்குளித்துறையில் அச்சான ‘அடியார் வரலாறு’ தமிழின் ஆரம்ப கால அச்சுப் புத்தகங்களில் ஒன்று. நானூறு வருடம் தாண்டியும் அதைப் படிக்க முடிகிறது.

அந்தக் கரியை மிக நுண்ணிய துகளாக்கி, இங்க் பேனாவில் ஓடும்படி ஜப்பான் கம்பெனிகள் செய்கின்றன. பிளாட்டினம் கம்பெனியின் ‘கார்பன்’, செய்லர் கம்பெனியின் ‘கிவகுரோ’ இரண்டும் பெயர் பெற்றவை. காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. அதே காரணத்தால் பேனாவுக்குள் காய்ந்தாலும் அசையாது. தினமும் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது சரி. படம் வரையும் ‘இந்தியன் இங்க்’கை மட்டும் இங்க் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் அரக்கு பேனாவையே அடைத்துவிடும்.

கணவாயின் மை

தூத்துக்குடியில் ஓட்டுக்கணவாய் கழுவுகிறவர்களுக்கு இன்னொரு மையும் தெரியும். மைப்பை உடைந்தால் கையும் சட்டியும் கறுத்துப்போகும். கணவாயின் கிரேக்கப் பெயர்தான் ‘செபியா’. அந்த மையில் ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த பழுப்பு நிறப் படங்களால்தான் அந்த நிறத்துக்கே செபியா என்று பெயர் வந்தது. நம் தலைமுடிக்குக் கறுப்பைத் தரும் மெலனின்தான் அதிலும் இருக்கிறது.

அது எவ்வளவு காலம் நிற்கும்? 1833-ல் இங்கிலாந்தில் எலிசபெத் பில்பாட் என்ற பெண்மணி, கல்லாகிப்போன கணவாய் இனம் ஒன்றின் மைப்பையிலிருந்து மையை எடுத்துக் கரைத்து ஒரு படமே வரைந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மை அது!

இன்று ‘செபியா’ என்று விற்கும் பாட்டிலில் பெரும்பாலும் பழுப்புச் சாயம்தான் இருக்கும். பெயரைப் பார்த்து அழியாது என்று நம்பிவிடாதீர்கள். சமையலறையில் கிடைக்கும் கணவாய் மையைப் பேனாவில் ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். துகள் அடைத்துக்கொள்ளும், நாற்றமும் எடுக்கும்.

வாங்கிய பிறகு

எந்த மை வாங்கினாலும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரே தாளில் ஒவ்வொரு மையாலும் ஒரு வரி எழுதி, பக்கத்தில் மையின் பெயரைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு நாள் காயட்டும். பிறகு தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். மறுபாதியை வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். எந்த மை எதற்கு என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

சேகரிக்க ஆசைப்படுபவர்கள் உள்ளூர்ச் சரக்கிலிருந்து தொடங்கலாம். மும்பையில் 1931-ல் மைப்பொடியும் மைவில்லையும் விற்கத் தொடங்கிய கேம்லின், வங்காளத்தில் 1934-ல் சுதேசி மையாகப் பிறந்து, நடுவில் மூடிக்கிடந்து, மறுபடியும் வந்திருக்கும் சுலேகா இரண்டும் இன்றும் கிடைக்கின்றன. சுதேசிக் கப்பல் ஓடிய ஊர்க்காரர்களுக்கு அந்த பாட்டில் அலமாரியில் இருப்பது ஒரு சந்தோஷம்தான். விலை உயர்ந்தவற்றில் முழு பாட்டிலுக்கு முன், சிறு குப்பியில் விற்கும் சாம்பிளை வாங்கிப் பாருங்கள். பாட்டிலை இருட்டான அலமாரியில் வையுங்கள். மூடியில் வாங்கிய தேதியை எழுதுங்கள். பூஞ்சை படிந்தாலோ வாடை மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பத்து நிறம் வாங்குங்கள், தப்பில்லை. பலசரக்கு லிஸ்ட்டுக்கும் பிறந்தநாள் கார்டுக்கும் மயில்கழுத்து நிறம் போதும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றாவது கரையாத மையாக இருக்கட்டும். பாட்டி வாயால் கேட்டு எழுதும் மக்ரூன் பக்குவம், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, எந்த வருடம் எந்த வீட்டில் இருந்தோம் என்பதெல்லாம் வேறு எங்கும் பிரதி இல்லாதவை. அவற்றை அந்த மையில் எழுதி, நோட்டைப் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.