விழுந்து முளைக்கிற பல்தானே என்றோம்

குழந்தைக்குக் காய்ச்சல் நூறைத் தாண்டினால் இரவோடு இரவாக ஆட்டோ பிடித்து ஓடுகிறோம். தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரம் பண்ணி வைக்கிறோம். அதே குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “விழுந்து முளைக்கிற பல்தானே, தானா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். பாட்டி சொன்னார், அப்பா சொன்னார், சளிக்கு மருந்து எழுதித் தந்த டாக்டரும் சில ஊர்களில் அதையேதான் சொன்னார். யாரோ சிலருடைய அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், சுகாதாரத் துறை, வாராவாரம் நலவாழ்வுப் பக்கம் அச்சடிக்கும் பத்திரிகைகள் என எல்லோரும் சேர்ந்துதான் குழந்தைகளின் பல் வலியை நோய்க் கணக்கில் சேர்க்காமல் விட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பால்பற்களில் சொத்தை வந்தும் சிகிச்சை கிடைக்காத குழந்தைகள் உலகில் 51 கோடிக்கும் மேல். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த அரசுத் தொடக்கப் பள்ளியிலும், எந்த மெட்ரிகுலேஷன் பள்ளியிலும் ஒரு வகுப்பைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பற்கள் கறுத்து, கரைந்து, ஈறோடு ஒட்டிய துண்டுகளாக நிற்கும் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். அந்தப் பிள்ளைகளைப் புகைப்படம் எடுக்கும்போது “வாயை மூடிக்கிட்டுச் சிரி” என்றும் சொல்லியிருக்கிறோம்.

பால்பற்கள் 20. ஆறு மாதம் வாக்கில் முதல் பல் எட்டிப்பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்குவதைப் பார்த்து எல்லாப் பால்பற்களுக்கும் அதே ஆயுள் என்று நினைத்துக்கொண்டோம். மெல்லுவதற்கு உதவும் பின்வரிசைப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. நான்கு வயதில் அங்கே சொத்தை விழுந்தால், “விழப்போற பல்” என்று நாம் சொல்வது இன்னும் ஏழெட்டு வருடம் அந்தக் குழந்தை மென்று தின்ன வேண்டிய பல்லை. அதை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் காலியிடத்தில் சாய்கின்றன. கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி இல்லாமல் போகிறது. பதின்மூன்று வயதில் தெத்துப்பல்லுக்கு கம்பி போட நாம் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி, நான்கு வயதில் அடைக்காமல் விட்ட பல்லின் கணக்கு.

இன்னொரு பல் இருக்கிறது. அதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களும் நாம்தான். ஆறு வயது வாக்கில், பால்பல் வரிசைக்கு எல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழவில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அதையும் பால்பல் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். எழுபது வயதுவரை இருக்க வேண்டியது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உள்ள பல் அது. முளைத்த புதிதில் அதன் எனாமல் முழுதாக இறுகியிருக்காது. சிறு பிள்ளையின் பிரஷ் அவ்வளவு பின்னால் எட்டுவதும் இல்லை. பக்கத்துப் பால்பல்லில் ஏற்கெனவே சொத்தை இருந்தால், வாய் முழுக்கச் சொத்தைக் கிருமி குடியேறியிருக்கும்போதுதான் இது வெளியே வருகிறது. ஒன்பது வயதில் வீங்கிய கன்னத்தோடு வரும் பிள்ளையின் தாயிடம், இது இனி முளைக்காத பல் என்று பல் மருத்துவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த அன்று பள்ளியும் ஊரும் நாடுமாகச் சேர்ந்து அவருக்கு ஆயிரம் விஷயம் சொன்னோம். இதை மட்டும் சொல்லவில்லை.

சொத்தை எப்படி வருகிறது என்பதில் ரகசியம் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. இனிப்பின் அளவோடு, எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதும் பெரிய விஷயம். நாமோ பிள்ளை அழும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் கொடுத்தோம். தூங்கவைக்கச் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தோம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். பால் மேல் முன்பற்களைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு ஓரளவு மறைத்துக் காப்பாற்றும். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு முதலில் மேல் முன்பற்கள் போகின்றன. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கோடு முதலில் தெரியும். அந்த நிலையில் ஃப்ளோரைடு பூசியே பல்லை மீட்கலாம். குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்த அம்மாவாலும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

வலி வந்த பிறகு செய்தவையும் பெருமைக்குரியவை அல்ல. பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து வைத்தோம். சில ஊர்களில் கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அதன் புகையைப் பிள்ளையின் வாய்க்குள் பிடித்து, பூச்சி விழுந்துவிட்டது என்று நம்பினோம். வலி அடங்கியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். உள்ளே நரம்பு செத்துப்போனால்கூட வலி அடங்கும் என்பது நமக்குத் தெரியவில்லை. பால்பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளிருக்கும் நரம்பறையோ பல்லின் அளவுக்குப் பெரியது. சிறிய குழி நரம்பைத் தொட அதிக காலம் ஆவதில்லை. அடைத்தால் போதும் என்ற நாள் அப்படித்தான் கைவிட்டுப் போனது. இதற்கிடையே, சாப்பிட மறுத்த பிள்ளையை “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டியும் வைத்திருந்தோம். கடைசியில் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரவைத்தபோது குழந்தை அலறியது. “எங்க புள்ள ரொம்ப பயப்படுது டாக்டர்” என்று சொன்னோம்.

பல் அடைப்பதைப் பற்றி நம் மனத்தில் இருப்பது பழைய படம்: காதைத் துளைக்கும் மெஷின், ஈறில் ஊசி, கறுப்பு நிற உலோகம். ஆனால், பல் மருத்துவம் மாறி வெகுகாலம் ஆகிறது. பாதரசம் கலந்த அந்த உலோகக் கலவையை 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. அதற்கு மாற்றாக கிளாஸ் அயனோமர் சிமென்ட் இருக்கிறது. லண்டன் அரசு ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் அறிவித்தது. பல்லோடு வேதியியல்ரீதியாகவே ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். குழிக்குள் மென்மையாகிப்போன பகுதியைச் சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு இந்த சிமென்ட்டை அழுத்தி வைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். 1980-களில் தான்சானியாவின் கிராமங்களில் தொடங்கிய முறை இது. மின்சாரம் இல்லாத ஆப்பிரிக்கக் கிராமத்தில் செய்ய முடிந்ததை, தெருவுக்குத் தெரு மின்கம்பம் உள்ள நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நாம் வழக்கமாக்கவில்லை.

உட்காரவே மறுக்கும் குழந்தைக்கும் வழி இருக்கிறது. சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மீது தொட்டு வைத்தால் பெரும்பாலும் அது பரவாமல் நின்றுவிடும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுக்கும், அது ஒன்றே குறை. ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழக்கத்தில் உள்ள மருந்து. இதையும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பெரிய குழியாக இருந்தால், துளைக்காமலே பல்லின் மேல் ஸ்டீல் தொப்பி மாட்டும் ஸ்காட்லாந்து முறையும் உண்டு. இவை எதுவும் பணக்கார வைத்தியம் அல்ல.

பல் மருத்துவர்களுக்குப் பஞ்சம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் படித்து முடித்த இளைஞர்கள் நகரங்களில் ஒரே தெருவில் அடுத்தடுத்து கிளினிக் வைத்துக்கொண்டு நோயாளிக்குக் காத்திருக்கிறார்கள். பேருந்தில் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கோ பல்லைப் பார்க்க ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. முகாம் நடக்கிறது, வாயைத் திறக்கச் சொல்கிறார்கள், சீட்டு எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டோடு மாவட்டத் தலைநகருக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால், எத்தனை வீடுகளில் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்துபோயிருக்கும்? பரிசோதித்ததைச் சாதனையாகக் காட்டினோம். அடைத்த பற்களை எண்ணச் சொல்லி யாரையும் நாம் கேட்கவில்லை.

சிறு குழந்தைகள் பல் வலியை வலி என்று சொல்வதில்லை. பல மாதங்களாக அப்படியே இருப்பதால், சாப்பிட்டால் வலிக்கும் என்பதே அவர்களுக்கு இயல்பாகிவிடுகிறது. சோற்றை வாயில் அதக்கிக்கொண்டு உட்காருவார்கள், பழத்தைத் தள்ளிவிடுவார்கள், இரவில் காரணம் சொல்லாமல் எழுந்து அழுவார்கள், மறுநாள் வகுப்பில் தூங்கி வழிவார்கள். பற்களைச் சரிசெய்த சில வாரங்களில் பிள்ளை தட்டைக் காலிசெய்வதாகப் பெற்றோர் வந்து சொல்வது குழந்தைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் செய்தி. ஆசிரியர் கவனமில்லாதவன் என்று எழுதினார். உறவினர்களிடம் நாம், “இவனுக்குச் சாப்பாடு ஊட்டுறதுக்குள்ள உயிர் போயிடுது” என்று அலுத்துக்கொண்டோம். அந்த வருடங்களில் எல்லாம் அந்தப் பிள்ளையால் மெல்ல முடியவில்லை.